அருகிருந்தும் பேசாத கருவி

சித்தூரில் வாழும் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நமக்கு மடல் வரைந்திருந்தார். திருப்பதியில் தனித்து வாழும் அவர்தம் தந்தையாருக்குச் செவிப்புலன் குன்றியுள்ளது. சிங்கப்பூரிலுள்ள மகளோடு ஞாயிறுதோறும் கணினி வழியே உரையாடத் தலையில் அணியும் புளூடூத் ஒலிக்கருவி ஒன்றே பெரியவருக்குத் துணை. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடவே, பழைய மேசைக் கணினியைக் கைவிட மனமின்றி, அன்பர் அதில் டெபியன் லினக்ஸை நிறுவினார். அன்று முதல் ஒலிக்கருவி வாய் திறக்கவில்லை. புது அடாப்டர் ஒன்று வாங்கியும் பயனில்லை. இன்னொன்று வாங்கலாமா என்பதே வினா.

வாங்க வேண்டா என்று உடனே எழுதினோம்.

நகத்தளவேயான அந்த அடாப்டருக்குள் ஒரு சில்லு உள்ளது. இவ்வகைச் சில்லுகள் பலவற்றுக்கு, மின்சாரம் பெறுந்தோறும், ஃபர்ம்வேர் என்னும் ஆணைத்தொகுப்பைக் கணினி ஊட்டியாக வேண்டும். லினக்ஸின் கர்னல் யாவரும் படிக்கத் திறந்திருப்பினும் இத்தொகுப்பு பெரும்பாலும் அவ்வாறன்று; சில்லு செய்தவர் மூடிய வடிவிலேயே தருகின்றனர். திறந்த நிரலையே கொள்கையாகக் கொண்ட டெபியன் நெடுநாள் அதனை வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் நிறுவும் தொகுப்பிலேயே சேர்த்தது. எனினும் நிறுவும் வேளையில் தன் கண்ணிற்படும் கருவிகளுக்கு வேண்டியதையே அது எடுத்து வைக்கும். நம் அன்பரோ அடாப்டரை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்துவிட்டு நிறுவியிருந்தார்!

இதனைக் கணினியே சொல்லும். முனையச் சாளரத்தில் எல், எஸ், யு, எஸ், பி என்னும் ஐந்து சிறிய ஆங்கில எழுத்துக்களை இடைவெளியின்றி அடித்தால் செருகிய கருவிகளின் பட்டியல் வரும். அதில் அடாப்டர் இல்லையெனில் பழுது கருவியிலோ செருகுவாயிலிலோ இருக்கலாம். இருந்தால், நிர்வாகி உரிமையோடு டி, எம், இ, எஸ், ஜி என்று அடித்துக் கர்னலின் பதிவைப் படிக்க வேண்டும். இன்ன கோப்பை ஏற்ற இயலவில்லை என்றொரு வரி அங்கே அன்பருக்குக் கிட்டியது. சில்லு ரியல்டெக் வகையாயின் டெபியனில் 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்' என்னும் பொதியை நிறுவ வேண்டும். பின்னர்க் கணினியை அணைத்து, அடாப்டரைக் கழற்றிச் செருகுதல் நன்று. மறுதொடக்கம் மட்டும் சில வேளை போதாது.

மலிவு அடாப்டர்களுள் வேறொரு சில்லின் அடையாளத்தைப் பொய்யாகப் பூண்டு வருவனவும் உள. அவற்றை இனங்கண்டு சமாளிக்கக் கர்னலில் தனியே வரிகள் எழுதியுள்ளனர். எழுதியோரின் பொறுமையை என்னென்பது!

ஒலி வந்தது, ஆனால் விட்டுவிட்டு வந்தது. அடாப்டரை யு.எஸ்.பி. 3 வாயிலில், வெளி வன்தட்டின் அருகே செருகியிருந்தனர். அவ்வாயிலும் வன்தட்டும் இயங்குகையில் புளூடூத் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இரைச்சல் எழுகிறது என இண்டெல் நிறுவனம் 2012இல் விளக்கியுள்ளது. ஒரு முழ நீட்டிப்புக் கம்பியால் அடாப்டரைத் தள்ளி வைத்ததும் விட்டுப்போதல் நின்றது.

பெரியவருக்கு அதன் பின்னும் ஒரு குறை. பாட்டுக் கேட்கையில் தெளிவாயிருந்த ஒலி, மகளோடு பேசத் தொடங்கியதும் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியது. இது பழுதன்று. புளூடூத்தின் வழக்கமான முறையில், கேட்பது மட்டும் ஏ2டிபி என்னும் வழியில் உயர்ந்த தரத்தில் நடைபெறும். அதே கருவியின் ஒலிவாங்கியையும் பயன்படுத்தினால், தொலைபேசிக்கென அமைந்த வேறு வழிக்கு மாறித் தரம் தாழும். செவி நன்றாயிருப்போர் இதனைப் பொறுத்துக்கொள்வர். பெரியவருக்கோ பாதிச் சொற்கள் போய்விடும். ஆதலின் பேசுவதற்குக் கம்பியுள்ள ஒலிவாங்கி ஒன்றைத் தனியே வைத்து, ஒலி அமைப்பில் உள்ளீடாக அதனைத் தேர்ந்து, தலைக்கருவியை ஏ2டிபியிலேயே நிறுத்துமாறு எழுதினோம்.

பழைய ஒலிவாங்கி ஒன்று வீட்டிலேயே கிடக்கிறதாம். வரும் ஞாயிறு அதனை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குச் செல்வதாக அன்பர் எழுதியுள்ளார்.