மேற்கோள் மென்பொருளும் புலிமான்கோம்பைக் கல்லும்

ஜோட்டெரோ, மெண்டலி முதலிய மேற்கோள் மேலாண்மை மென்பொருள்களைத் தமிழ் ஆய்வாளர்களும் கையாளத் தொடங்கியுள்ளனர். இது வரவேற்கத்தக்கது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று மையம் 2006இல் வெளியிட்ட ஜோட்டெரோவை விலையின்றிப் பெறலாம். நூலின் விவரத்தை ஒருமுறை பதிந்தால், அடிக்குறிப்பையும் துணைநூற்பட்டியலையும் வேண்டிய வடிவில் அதுவே அமைத்துத் தரும். ஆயினும் அது தருவது வடிவம் மட்டுமே. சான்றின் தகுதிக்கு ஆய்வாளரே பொறுப்பு.

அதே 2006இல்தான் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களை கா. ராஜன் தலைமையிலான தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டறிந்தது. அவற்றுள் ஒன்று கூடல் என்னும் ஊரோடு தொடர்புடைய ஆகோளைக் குறிப்பிடுகிறது. சங்க இலக்கிய வெட்சித்திணை ஆய்வில் இக்கல் இன்று தவறாது இடம்பெறுகிறது. இதனை மென்பொருளில் பதிய முற்படும் ஆய்வாளர் முதற்படியிலேயே தடைப்படுவார். நூல், கட்டுரை, ஆய்வேடு, கையெழுத்துப்படி எனப் பல வகைகளைக் கொண்ட ஜோட்டெரோவில் கல்வெட்டு என்றொரு வகை இல்லை. எனவே கல்லைப் பற்றிய கட்டுரையே கல்லின் இடத்தில் அமர்ந்துவிடுகிறது.

அடுத்து எழுத்துப்பெயர்ப்புச் சிக்கல். புலிமான்கோம்பை, புள்ளிமான்கோம்பை என ஊர்ப்பெயர் இருவகையாக எழுதப்படுகிறது. ஆங்கில எழுத்திலும் ஒருமை இல்லை. ‘ஆவணம்’ போன்ற தமிழ் இதழ்களின் விவரங்களைப் பெரும்பாலும் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால், ஒரே கட்டுரை தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் பதிவாகிறது. இரட்டைப் பதிவுகளைக் கண்டறியும் வசதி இவற்றை இரு வேறு கட்டுரைகளாகவே கொள்ளும். படிப்பவருக்கோ ஒரு சான்று இரு சான்றாகத் தோன்றும்.

பெயரும் இவ்வாறே. குடும்பப்பெயரை முன்னிறுத்தும் மேலைநாட்டு மரபு, தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலையெழுத்தாகக் கொள்ளும் தமிழ்ப் பெயருக்குப் பொருந்துவதில்லை. ஐராவதம் மகாதேவன் ஒரு பட்டியலில் ஐகாரத்திலும் மற்றொன்றில் மகரத்திலும் நிற்பதைக் காணலாம். பெயரை ஒரே புலத்தில் இடும் வசதி ஜோட்டெரோவில் உண்டு. பெயர்ப் புலத்தின் அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் போதும்.

இவையெல்லாம் திருத்தத்தக்க சிறு குறைகள். பதிப்பாண்டில் நேரும் பிழையோ அத்தகையதன்று. மகாதேவனின் தொல்தமிழ்க் கல்வெட்டு நூல் 2003இல் வெளிவந்தது. அதன் விரிவாக்கப் பதிப்பைச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2014இல் வெளியிட்டது. 2006இல் கிடைத்த கல்லுக்கு 2003ஆம் ஆண்டுப் பதிப்பைச் சான்றாகச் சுட்டினாலும் மென்பொருள் மறுக்காது. காற்புள்ளியும் அடைப்புக்குறியும் பிசகாமல் அச்சிட்டுத் தரும். முன்பு கையால் எழுதிய அலங்கோலமான அடிக்குறிப்பாவது தேர்வாளருக்கு ஐயத்தை எழுப்பியது!

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. கல்வெட்டுச் சுட்டும் கூடல், கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியிலுள்ள கூடலூர்தானா, வேறோர் ஊரா என்பது சான்றுகளைக் கொண்டு ஆராய வேண்டிய வினா. ஒருவர் கருத்தாக உரைத்ததை அடுத்தவர் மூலத்தைக் காணாமல் தம் மென்பொருளுக்குள் இறக்கிக்கொண்டால், மூன்றாம் ஆய்வேட்டில் அது முடிந்த முடிபாகிவிடும். பள்ளத்தாக்கின் பண்டை வரலாற்றை எழுதப் புகும் தேனி மாணவர் அம்முடிபின்மேல்தான் தம் ஆய்வைக் கட்ட நேரும்.

மென்பொருளைக் கைவிடுவது இதற்குத் தீர்வாகாது. ஒவ்வொரு பதிவிலும் ‘நேரில் கண்டது’, ‘மைப்படியில் கண்டது’, ‘நூல்வழி அறிந்தது’ என்னும் மூன்றனுள் ஒன்றை அடையாளச் சொல்லாக இடும் வழக்கத்தை நெறியாளர்கள் ஏற்படுத்தலாம். கல்லின் ஒளிப்படத்தையும் அப்பதிவோடு இணைத்து வைக்க இயலும். ஆய்வேட்டுடன் இம்மின்னூலகக் கோப்பையும் தேர்வாளருக்கு அனுப்பவேண்டுமெனத் தமிழ்த்துறைகள் விதிக்குமானால், எவ்வரி எதனைக் கண்டு எழுதப்பட்டது என்பதை வாய்மொழித் தேர்வுக்கு முன்பே அவர் பார்த்துவிடலாம்.