கட்டை வீடு கற்பிக்கும் பாடம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம்மிடையே வழங்கிவரும் பழமொழி. கல்யாணத்தைப் பற்றி எழுதும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. வீட்டைப் பற்றி எழுதலாம். ஏனெனில், சென்ற ஓராண்டில் நான் பதினொரு வீடுகளும், இரண்டு பாலங்களும், ஒரு கலங்கரை விளக்கமும் கட்டி முடித்திருக்கின்றேன். மணலுக்கும் சிமெண்டுக்கும் ஒரு காசு செலவில்லை. அத்தனையும் 'மைன்கிராப்ட்' என்னும் விளையாட்டுக்குள்ளே கட்டியவை!

"படிக்கிற பிள்ளை பொம்மை வீடு கட்டிக்கொண்டிருக்கலாமா?" என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், இந்தப் பொம்மை வீடு எனக்குக் கற்பித்த ஒரு பாடத்தை வகுப்பறையில் நான் கற்கவில்லை. அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

விளையாட்டு எத்தகையது?

சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009-ஆம் ஆண்டு மே மாதம் இவ்விளையாட்டை முதன்முதலில் வெளியிட்டார். 2011 நவம்பரில் அது முழு வடிவம் பெற்றது. 2014-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் 250 கோடி டாலர் கொடுத்து, அதை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. 2023-ஆம் ஆண்டிற்குள் 30 கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையாகியிருந்தன.

இதில் காணும் உலகம் கட்டைகளால் ஆனது. மண், மணல், கல், மரம் யாவும் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் கொண்ட கனசதுரங்கள். ஒரு கட்டையைப் பெயர்த்து எடுக்கலாம். வேறோர் இடத்தில் வைக்கலாம். அவ்வளவுதான் விளையாட்டு! ஆனால் அந்த உலகின் அகலமோ 6 கோடி மீட்டர். அதாவது 60,000 கிலோமீட்டர். நாம் வாழும் பூமியின் சுற்றளவே ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆடும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பொருள்களைத் தேடிச் சேர்த்து, பசியையும் பகையையும் சமாளித்துப் பிழைத்திருப்பது. மற்றொன்று, எல்லாக் கட்டைகளும் அளவின்றிக் கிடைக்க, விரும்பியதைப் படைப்பது. நான் சொல்லவிருப்பது இந்த இரண்டாவது முறையைப் பற்றியே.

மேட்டை வெட்டாதே!

எல்லாம் இலவசமாகக் கிடைத்தால் மனிதன் முதலில் என்ன செய்வான்? நான் செய்ததைச் சொல்கின்றேன். அழகானதொரு குன்றைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று மாலைப் பொழுதுகள் செலவிட்டு அக்குன்றைத் தரைமட்டமாக்கினேன். அந்தச் சமதரையில் தங்கக் கட்டைகளால் மாளிகை ஒன்றை எழுப்பினேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், தீப்பெட்டிக்குத் தங்க முலாம் பூசி வைத்ததுபோல் இருந்தது! பக்கத்துக் குன்றில் நண்பன் ஒருவன் சாதாரணக் கல்லாலும் மரத்தாலும் கட்டியிருந்த சிறு வீட்டைத்தான் எல்லோரும் பார்த்து நின்றார்கள்.

காரணம் என்ன? அவன் மேட்டை வெட்டவில்லை. மேடு எப்படி இறங்கியதோ அப்படியே வீடும் இறங்கியது. முன்புறம் பார்த்தால் இரண்டு அடுக்கு. பின்புறம் பார்த்தால் ஒரே அடுக்கு. வாயிலுக்குச் செல்லும் பாதை அங்கிருந்த ஒரு மரத்தைச் சுற்றி வளைந்து சென்றது. அம்மரத்தை அவன் நடவில்லை, வெட்டாமல் விட்டான். அவ்வளவே.

அன்று முதல் நான் அவனிடம் பாடம் கேட்கத் தொடங்கினேன். அவன் கற்றுத் தந்தவற்றுள் சிலவற்றை இங்கே தருகின்றேன். சுவரைத் தட்டையாக விடக்கூடாது. தூண்களை ஒரு கட்டை வெளியே தள்ளியும், சன்னல்களை ஒரு கட்டை உள்ளே இழுத்தும் வைத்தால் நிழல் விழும். நிழல் விழுந்தால் சுவருக்கு உயிர் வரும். வீட்டின் அகலம் ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையாக இருக்கட்டும். அப்போதுதான் கதவு நடுவில் அமையும். கூரையின் முகடும் ஒரே கட்டையில் கூடும். ஒரு வீட்டிற்கு இரண்டு மூன்று வகைக் கட்டைகள் போதும். பத்து வகை சேர்ந்தால் அது வீடாகத் தோன்றாது. கடை விரித்ததுபோல் தோன்றும்.

எந்த இடத்தில் கட்டுகின்றோமோ அந்த இடத்துப் பொருளாலேயே கட்ட வேண்டும் என்பது மற்றொரு விதி. இதை அவ்விளையாட்டே நமக்குக் காட்டித் தருகின்றது. அதில் தாமாகவே தோன்றும் சிற்றூர்கள் உண்டு. பாலைவனத்துச் சிற்றூரில் வீடுகள் மணற்கல்லால் ஆனவை. குளிர்ப் பகுதிச் சிற்றூரில் அவை ஊசியிலை மரத்தால் ஆனவை.

தோட்டம் போடுவதிலும் நுட்பங்கள் உள்ளன. குளத்தின் கரையைச் சதுரமாக வெட்டினால் அது தொட்டி ஆகிவிடும். கரையை முன்னும் பின்னுமாக ஒடித்து, ஓரங்களில் மணலையும் களிமண்ணையும் கலந்து வைத்தால்தான் குளம். பாதையை ஒரே கல்லால் பாவாமல், சரளையும் மண்ணும் ஆங்காங்கே கலந்து போட்டால், பலர் நடந்து தேய்ந்த பாதையாகத் தோன்றும். வயலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு தண்ணீர்க் கட்டை நாற்புறமும் நான்கு கட்டைத் தொலைவு வரை நிலத்தை நனைக்கும். ஆகவே, 9-க்கு 9 அளவுள்ள பாத்தியின் நடுவில் ஒரே ஒரு தண்ணீர்க் கட்டையை வைத்தால் 80 கட்டை நிலம் விளையும். மலைச்சரிவில் படிப்படியாக வயல் அமைப்பவன் இக்கணக்கை ஒவ்வொரு படிக்கும் போட்டாக வேண்டும்.

தந்தையாரின் கேள்வி

இத்தனையும் கற்ற பிறகு நான் கட்டிய வீட்டைப் பெருமையோடு என் தந்தையாரிடம் காட்டினேன். அவர் கொத்தனார். வேலை முடிந்து வந்து, கால் கழுவிவிட்டு, கைப்பேசியை வாங்கிச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"கூரை சுவரோட நின்னுபோச்சே. இறவாரம் விடலையாப்பா? மழைத் தண்ணி பூராவும் சுவத்துலதான இறங்கும்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்பா, இந்த விளையாட்டில் மழை சுவரை அரிக்காது" என்றேன்.

"அரிக்காத மழைக்குக் கூரை எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

மறுநாள் கூரையை நான்கு பக்கமும் ஒரு கட்டை வெளியே நீட்டினேன். சுவரின் மேல் நிழல் விழுந்தது. அதுவரை பெட்டியாக நின்றது வீடாக மாறியது! அழகுக்காக என்று நான் கற்ற விதியின் வேர் பயன்பாட்டில் இருக்கின்றது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. மழைக்காக நீட்டிய இறவாரம்தான் நிழலையும் தருகின்றது. காற்றுக்காகத் திறந்த சன்னல்தான் முகப்பிற்குக் கண்ணாகின்றது.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி: "ஒரு கட்டை இம்மாம் பெரிசுன்னா, இதையெல்லாம் தூக்குறது யாரு?"

இயற்பியல் மாணவனாகிய நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளையாட்டில் நம் ஆள் 36 பைகளில், பைக்கு 64 ஆக, 2,304 கட்டைகளைச் சுமக்கலாம். ஒரு கன மீட்டர் கருங்கல்லின் எடை ஏறத்தாழ 2.6 டன். ஆக, அவன் சுமப்பது ஆறாயிரம் டன்னுக்குச் சற்றே குறைவு! அவ்வளவையும் தூக்கிக்கொண்டு அவன் துள்ளிக் குதிக்கின்றான். மரத்தின் அடிப்பகுதியை வெட்டி எடுத்தாலும் மேற்பகுதி அந்தரத்தில் நிற்கின்றது. மணலும் சரளையும் விழுகின்றன; கல்லும் மரமும் விழுவதில்லை. நியூட்டன் கண்டால் தலையில் கை வைத்துக்கொள்வார்.

இங்கேதான் இவ்விளையாட்டின் குறையும் இருக்கின்றது. சுமப்பவனின் வலி அதில் இல்லை. குன்றை அழிப்பதற்கு விரலசைவு போதும் என்ற எண்ணம் மனத்தில் படிந்துவிட்டால், நாளை அதிகாரமோ பணமோ கைக்கு வரும்போது நாம் ஏரியையும் அப்படித்தான் தூர்ப்போம். நேரம் போவதே தெரியாது என்பதும் உண்மை. சென்ற பருவத்தில் ஓர் உள்தேர்வில் நான் மதிப்பெண் இழந்ததற்கு ஒரு கலங்கரை விளக்கமே காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கேட்கப்படாதவர்கள்

என் தந்தையார் இத்தனை ஆண்டுகளாக வீடு கட்டுகின்றார். அத்தனையும் பிறர் வரைந்து கொடுத்த வரைபடங்கள். "இங்கே தண்ணீர் தேங்கும்" என்பது அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை. வரைபடத்தின் மொழி அறிந்தவர் பேசுவார். அறியாதவர் செங்கல் அடுக்குவார். இதுதான் நடைமுறை.

இந்த நடைமுறையை ஒரு விளையாட்டு மாற்ற முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று உண்டு. சுவீடனில் பழைய குடியிருப்புப் பகுதிகளைப் புதுப்பிப்பது பற்றி அங்கு வாழும் மக்களிடமே கருத்துக் கேட்க, மைன்கிராப்ட் விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். அதைப் பின்பற்றி, நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐக்கிய நாடுகளின் மனித வாழிடத் திட்டம், மோஜாங் நிறுவனத்தோடு சேர்ந்து, 2012-இல் 'பிளாக் பை பிளாக்' என்னும் பணியைத் தொடங்கியது. நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் ஒரு விளையாட்டுத் திடலைச் சீரமைக்க இம்முறை கையாளப்பட்டது.

செய்முறை எளியது. முதலில் அந்த இடத்தை அப்படியே கட்டைகளால் கணிப்பொறியில் அமைத்துவிடுகின்றார்கள். பிறகு அங்கு வாழும் மக்கள் அவ்விடத்தை நடந்து பார்த்துவிட்டு வந்து, சிறு குழுக்களாக அமர்ந்து, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கட்டிக் காட்டுகின்றார்கள். இங்கே விளக்கு வேண்டும். இங்கே மரம் வேண்டும். இங்கே பெண்கள் அமர இடம் வேண்டும். அதைப் பார்த்துக் கட்டடக் கலைஞர்கள் முறையான வரைபடம் தயாரிக்கின்றார்கள்.

ஹெய்ட்டி நாட்டின் லெ காய் என்னும் கடற்கரை ஊரிலும் இப்பணி நடந்தது. அங்கே கலந்துகொண்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாத மீனவர்களும் இருந்தார்கள். அதற்கு முன் கணிப்பொறியைத் தொட்டும் அறியாதவர்கள் அவர்கள். தங்கள் கடற்கரை எப்படி அமைய வேண்டும் என்பதை அவர்கள் கட்டைகளை வைத்துக் காட்டினார்கள். வரைபடம் படிக்கத் தெரியாதவர்க்கும் கட்டை வைக்கத் தெரியும்! இச்செய்தியைப் படித்த அன்று நான் என் தந்தையாரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நாம் செய்யத்தக்கது

என் கருத்து இதுதான். இவ்விளையாட்டை ஆடும் நண்பர்கள் கற்பனை மாளிகைகளோடு நின்றுவிட வேண்டாம். நம் கல்லூரியையே கட்டுவோம். டென்மார்க் நாட்டின் நிலவியல் தரவுத் துறை, 2014-இல், ஏறத்தாழ 43,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தன் நாடு முழுவதையும் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் மைன்கிராப்டில் அமைத்து வெளியிட்டது. சிலர் உள்ளே புகுந்து வெடி வைத்து ஒரு பகுதியைத் தகர்த்தார்கள் என்பது வேறு கதை! ஒரு நாட்டையே அமைக்கலாம் என்றால், ஒரு கல்லூரி வளாகத்தை அமைக்க முடியாதா?

விளையாட்டை விலை கொடுத்து வாங்க இயலாதே என்று தயங்க வேண்டாம். இதைப்போன்றே கட்டைகளால் ஆன 'லுவான்டி' என்னும் இலவச மென்பொருள் இருக்கின்றது. 2010-இல் தோன்றி, நெடுங்காலம் 'மைன்டெஸ்ட்' என வழங்கி, 2024-இல் இப்பெயர் பெற்றது. நம் ஆய்வகத்துப் பழைய கணிப்பொறிகளிலேயே முயன்று பார்க்கலாம்.

இயற்பியல் மாணவர்கள் நாடாவைப் பிடித்து அளக்கட்டும். தாவரவியல் மாணவர்கள் மரங்களை எண்ணிக் குறிக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நூலகத்தின் பின்புறம் எவ்வளவு தூரம் தண்ணீர் நிற்கின்றது என்பதைக் குறிப்போம். பிறகு, நாம் மட்டும் அமர்ந்து திட்டம் போடாமல், தோட்டக்காரரையும், காவலரையும், காலையில் வந்து வளாகத்தைப் பெருக்கும் அம்மாக்களையும் அழைத்து, "நீங்கள் ஒரு கட்டை வையுங்கள்" என்று கேட்போம். தண்ணீர் எங்கே நிற்கும், நிழல் எங்கே விழும் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் பின்னர் முதல்வர் அவர்களிடம் நம் மாதிரியைக் காட்டுவோம்.

நம்மில் பலர் நம் வீடுகளிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நாளை வரைபடம் வரையும் இடத்திற்கு நம்மில் சிலராவது செல்லத்தான் போகின்றோம். அங்கே சென்று அமரும்போது மேட்டை வெட்டச் சொல்லிக் கையெழுத்திடுவோமா, இறவாரத்தைப் பற்றிக் கேட்க ஒரு கொத்தனாரை அழைப்போமா? விளையாட்டில் பழகிய கைதான் வேலையிலும் நீளும்.

'வீட்டைக் கட்டிப் பார்' என்றார்கள் பெரியோர்கள். நான் அதைச் சற்றே மாற்றிச் சொல்ல விரும்புகின்றேன்: பார்த்துக் கட்டு, கேட்டுக் கட்டு.