கம்பத்துக்குப் போகும் வழி நம் லயத்தைத் தாண்டித்தான்!

கேமரன் மலை லெம்பா பெர்த்தாம் தோழர்களே! கொழுந்து எடுக்கும் அக்காமார்களே! காய்கறி லோரி ஓட்டும் தம்பிகளே! கூடையை இறக்குங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். கேளுங்கள்.

2019 மே, ஜூன். கிளந்தான், குவா மூசாங், குவாலா கோ. பாத்தேக் எனும் ஓராங் அஸ்லிப் பூர்வகுடி மக்களின் கம்பம். ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். என்ன நோய் என்றே முதலில் தெரியவில்லை. கடைசியில் சுகாதார அமைச்சு சொன்னது: தட்டம்மை.

தட்டம்மை, தோழர்களே! 1963 முதல் தடுப்பூசி இருக்கிற நோய்! நம் பிள்ளைக்கு 9ஆம் மாதமும் 12ஆம் மாதமும் அரசாங்கக் கிளினிக்கில் போடுகிறோமே, அதே ஊசி. அரை நூற்றாண்டு கடந்தும் அது அந்தக் காட்டுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

2020. கோவிட். ஓராங் அஸ்லி மக்களிடையே முதல் தொற்று எங்கே தெரிந்தது? நம் கேமரன் மலைப் பக்கம். குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் போனார்கள். கம்பத்து வழியை மரம் போட்டு அடைத்தார்கள். நோய் சாலை ஏறித்தான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

2021. ஊசி வந்தது. மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலியில் பதியச் சொன்னார்கள். போன் லைன் கிடைக்காத கம்பத்தில் எதைப் பதிவது? ஊசியைப் பற்றிய வதந்திக்கு லைன் தேவைப்படவில்லை. அது வாய் வழியே ஏறிவிட்டது.

நமக்குத் தெரியாத கதையா இது? 1918 விஷக்காய்ச்சலில் மலாயாத் தோட்டங்களில் நம் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நாம் வாய் மூடலாமா?

தட்டம்மைக் கிருமி காற்றில் 2 மணி நேரம் வரை தங்கும். 100 பேரில் 95 பேருக்காவது எதிர்ப்பு இருந்தால்தான் அது அடங்கும். மேலே செமாய் ஓராங் அஸ்லிகளின் ஒரு கம்பம் ஊசியில் விடுபட்டால் கீழே நம் லயமும் விடுபட்டதுதான். செமாய்ப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஆகவே எழு, தோழா!

இன்றிரவே உன் பிள்ளையின் ஊசிப் புத்தகத்தைத் திற. விடுபட்டிருந்தால் நாளையே கிளினிக்குக்குப் போ.

பிறகு மேலே போ. முதலில் கம்பத்துத் தலைவர் தொக் பாத்தினைப் பார். அவர் சொல்வதைக் கேள். யாரையும் மிரட்டாதே. யாரையும் இழுத்து வராதே. பயத்துக்குப் பதில் சொல். தெரியாததைத் தாதியிடம் கேட்டு வந்து சொல்.

லோரி வைத்திருக்கிறாயா? காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக ஏறுகிறாயே, அந்த வண்டியில் கிளினிக் ஆட்களை ஏற்றிக்கொள்.

முதலாளியிடம் சேர்ந்து சொல்லுங்கள்: ஊசி போடப் போன நாளுக்குச் சம்பளம் வெட்டாதே! தமிழனுக்கும் வெட்டாதே! செமாய்க்கும் வெட்டாதே! வங்காளதேசத் தோழனுக்கும் வெட்டாதே!

சுகாதார இலாகாவிடம் கேளுங்கள்: எந்தக் கம்பம் விடுபட்டது? எத்தனை பிள்ளைகள்? எப்போது வருகிறீர்கள்? பதில் வரும்வரை கேளுங்கள். வராவிட்டால் மறுபடி கேளுங்கள்.

குவாலா கோ கம்பத்தில் சாவு விழுந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. இங்கே சாவுக்கு முன்னால் நாம் பார்ப்போம்.

நம் லயத்தைத் தாண்டித்தான் தேயிலை இறங்குகிறது. நம் லயத்தைத் தாண்டித்தான் நோய் ஏறுகிறது. அந்த வழியில் ஊசியும் ஏறட்டும். நாம் ஏற்றுவோம்.

வா, தோழா. விடிந்ததும் புறப்படுவோம்!