நாயின் பெயர் தெரியும், அவள் பெயர் தெரியாது

எங்கள் அப்பத்தா ஊர் விலக்கில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. சாலையை அகலப்படுத்த பொக்லைன் வந்த அன்று அது போய்விட்டது. எங்கே போட்டார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். "எந்தக் கல்லு தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

சுமைதாங்கியைப் பார்க்காத நகரத்து நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நட்டுவைத்த இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்காக ஒரு கல். அவ்வளவுதான். தலைச்சுமையோடு தனியாக நடந்து வருகிறவர், 'ஒரு கை பிடிங்க' என்று யாரையும் கூப்பிடாமல் தானே இறக்கி வைத்து, தானே தூக்கிக்கொள்ளத் தோதான உயரம். பல ஊர்களில் இது கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக வைத்தது. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கராவது இறக்கி வைக்கட்டும் என்பது வீட்டார் நம்பிக்கை.

எங்கள் ஊர்க் கல்லும் அப்படித்தான் என்பார் அப்பத்தா. பெயர்? "எங்க மாமியா காலத்துக்கும் முந்தினவ, யாருக்குப்பா தெரியும்?" குறுக்குக் கல்லில் சுண்ணாம்புக்கு அடியில் எழுத்து இருந்தது. அது எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கல்மேல் பையை வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நிற்பேன். ஒருநாள்கூட சுரண்டிப் படித்ததில்லை. அதனால் இந்தக் கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது அதே இடத்தில் ஒரு பேருந்து நிழற்குடை. அதில் ஒரு கல்வெட்டு. எந்த நிதி, எவ்வளவு தொகை, யார் தலைமை, யார் முன்னிலை, யார் திறந்து வைத்தது என்று ஏழு பெயர்கள். இறந்தவளுக்கு ஒரு வரி இல்லை. தகரக் கூரைக்கு ஏழு பெயர்!

'அந்தக் காலத்தில் மட்டும் ராஜாக்களைத் தவிர யாரை எழுதினார்களாம்?' என்று கேட்பீர்கள். எழுதினார்கள், ஐயா. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, மகேந்திரவர்மன் காலம். எருமைகளைக் காக்கும் சண்டையில் விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு வைத்த கல். அவன் பக்கத்திலேயே ஒரு நாயைச் செதுக்கி, அதன் பெயர் கோவிவன், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் பொறித்திருக்கிறார்கள். பல்லவ மன்னனின் பெயர் பொறித்த அதே கல்லில், ஊர்க் காவல் நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். சுமார் 1400 வருடம் கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் ஊரே தொட்டுப்போன கல்லில் இருந்த பெண்ணின் பெயர் தெரியவில்லை.

சரி, அரசு பலகை வைக்கும் இடங்களிலாவது கதை இருக்கிறதா? மத்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். இது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், 1958ஆம் வருடச் சட்டம், சேதப்படுத்தினால் தண்டனை. 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், சமயத்தில் இரண்டும். சட்டம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எதற்காகக் காக்க வேண்டும் என்று சொல்லாமல் 'தொட்டால் ஜெயில்' என்று மட்டும் சொன்னால், ஜனங்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷன் போலத்தான் பார்ப்பார்கள். கதை தெரிந்த கல்லை ஊரே காக்கும். கதை தெரியாத கல்லில் துணி துவைப்பார்கள்.

'வாய்மொழிக் கதைக்கு ஆதாரம் ஏது? அதை எப்படிப் பலகையில் எழுதுவது?' என்று ஒரு அறிவார்ந்த கேள்வி வரும். 'இவ்வூர் மக்கள் சொல்வது' என்று தொடங்கி எழுதுங்களேன். அதில் என்ன பொய் இருக்கிறது? அமெரிக்காவில் வில்லியம் ஜி. பொமராய் அறக்கட்டளை 2015 முதல் நாட்டார் கதைகளுக்கென்றே தனியாகச் சாலையோரப் பலகைகள் வைக்க உதவி வருகிறது. கதையைக் கதை என்றே சொல்லி வைக்கிறார்கள். சில நூறு வருட வரலாற்றுக்கே அவர்கள் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்று ஆநிரை கவரும் ஆகோள் சண்டையைச் சொல்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் கல்லில் கதை எழுதிய ஊர் இது. நமக்கு என்ன கேடு?

'இப்ப யாருப்பா நின்னு படிக்கிறாங்க?' என்பது கடைசிக் கேள்வி. படிக்காமலா ஏழு பெயரையும் வரிசை மாறாமல் செதுக்குகிறார்கள்? :-) பெயர் ஒன்று விட்டுப்போனால் என்ன சண்டை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். இறந்துபோனவளுக்குச் சண்டை போட ஆள் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால் வகுப்புத் தோழர்களே, முகம் தெரியாத நண்பர்களே, அரசு செய்யட்டும் என்று உட்கார வேண்டாம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கல்லையாவது நின்று பாருங்கள். எழுத்து இருந்தால் போட்டோ எடுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் கதை கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 என்று கிராம சபை கூடுகிறது. 'இந்தக் கல்லை எடுக்கக் கூடாது, பக்கத்தில் நாலு வரியில் ஒரு பலகை வேண்டும்' என்று எழுந்து கேளுங்கள். செலவு, நிழற்குடையைத் திறந்த அன்று போட்ட மாலைகளை விட அதிகம் ஆகாது.

எங்கள் ஊர் விலக்கில் எனக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. உங்கள் ஊரில் பொக்லைன் இன்னும் வரவில்லை என்றால், சீக்கிரம் போய்ப் படித்துவிடுங்கள்.