தண்டோரா போட நாம், மைக் முன்னால் அவர்களா?

2022 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசின் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தண்டோரா போடும் வழக்கம் இனி தேவையில்லை, அறிவிப்புகளுக்கு வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிப் பயன்படுத்தலாம், மீறித் தண்டோரா போட வைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாம் அதை வரவேற்றோம். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நின்று ஊர்க்காரன் சொன்னதைக் கூவ வைப்பது சாதி இழிவு. அது ஒழிய வேண்டியதுதான்.

ஆனால் அப்போது யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. தண்டோரா போட்டவரின் இடத்துக்கு ஒலிபெருக்கி வந்துவிட்டது. சரி, அந்த ஒலிபெருக்கிக்குள்ளிருந்து வரும் குரல் யாருடையது? அதற்குக் கூலி வாங்கியது யார்?

இப்போது இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. குரல் கலைஞர்களுக்கான 'தொழில் மேம்பாடு', 'நெட்வொர்க்கிங்' என்ற பெயரில் சென்னையில் வார இறுதிப் பட்டறைகள் பெருகிவிட்டன. டப்பிங், விளம்பரக் குரல், ஆவணப்படம், ஆடியோ புத்தகம், கார்ட்டூன், வங்கிக்குப் போன் போட்டால் 'எண் ஒன்றை அழுத்தவும்' என்று சொல்லும் குரல் என எல்லாவற்றுக்கும் ஆள் தேவை, திறமை இருந்தால் போதும், தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று அழைக்கிறார்கள். நம் பிள்ளைகளும் ஆசையோடு விசாரிக்கிறார்கள். இரண்டு நாள் பட்டறைக்குக் கேட்கிற கட்டணம் அவர்கள் வீட்டின் ஒரு மாதச் செலவாக இருக்கிறது. கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போனால் அங்கே என்ன கிடைக்கிறது என்று பேசியாக வேண்டும்.

முதலில் ஒரு வரலாற்றை நினைவுபடுத்துவோம். திறந்த வெளியில், மைக் இல்லாமல், நான்கு தெருவுக்கும் கேட்கிற மாதிரி பேசுவது சாதாரணக் காரியமா? எங்கே மூச்சை நிறுத்துவது, எந்தச் சொல்லை ஓங்கிச் சொல்வது, சாவுச் செய்தியை எப்படிச் சொல்வது, ஏரி மதகு திறக்கிற செய்தியை எப்படிச் சொல்வது, ஒரு வரி மறக்காமல் பத்து இடத்தில் எப்படித் திருப்பிச் சொல்வது என்பதெல்லாம் தண்டோரா போட்டவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்குப் பட்டறையில் 'வாய்ஸ் ப்ரொஜெக்‌ஷன்', 'மாடுலேஷன்' என்று காசு வாங்கிச் சொல்லித் தருவதும் இதைத்தான். நம் தாத்தன்களுக்கு அதற்குக் கிடைத்தது களத்து நெல்லும் பழைய சோறும். கலைஞன் என்ற பெயர் கிடைக்கவில்லை. கிடைத்த பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை.

1938இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. 1975இல் தொலைக்காட்சி வந்தது. அறிவிப்பது கௌரவமான உத்தியோகம் ஆனது. 'குரல் தேர்வு' வந்தது, 'உச்சரிப்பு சுத்தம்' வந்தது. எது சுத்தம் என்று முடிவு செய்கிற நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சேரியிலிருந்து வந்தவர்களா? கூலி இல்லாத வரைக்கும் ஊருக்கு அறிவிப்பது நம் தலையில் சுமத்தப்பட்ட கடமை. சம்பளம் வந்ததும் அதுவே தகுதி பார்த்துக் கொடுக்கிற வேலை. சாதி வேலை செய்கிற விதம் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும்.

'நியூட்ரல் தமிழ் பேசுங்கள்' என்பது இத்துறையில் நம் பிள்ளைகள் கேட்கிற முதல் அறிவுரை. நியூட்ரல் என்றால் எந்த ஊரும் எந்தச் சாதியும் தெரியாத தமிழ் என்று பொருள் சொல்கிறார்கள். அப்படி ஒரு தமிழ் வானத்திலிருந்து விழவில்லை. தமிழ்ப் பேச்சு வழக்கை நெடுங்காலம் ஆராய்ந்த மொழியியலாளர் ஹெரால்டு ஷிஃப்மன், பொதுப் பேச்சுத் தமிழ் என்பது படித்த, பார்ப்பனரல்லாத மேல்தட்டு மக்களின் பேச்சை ஒட்டியது என்றே விவரிக்கிறார். ஆக, அக்கிரகாரத் தமிழைத் தள்ளிவிட்டு வந்த இடத்தில் ஊர்த்தெருவின் தமிழ் உட்கார்ந்துகொண்டது. சேரியின் தமிழ் அப்போதும் வெளியேதான் நின்றது. 'பார்ப்பனிய உச்சரிப்பு' என்று மட்டும் திட்டிவிட்டு நகர்கிற இடைநிலைச் சாதி நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சேரித் தமிழுக்கு ஸ்டுடியோவில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. கும்பல் காட்சிக்குக் குரல் வேண்டும். சந்தை இரைச்சல், குடிசைப் பகுதிச் சண்டை, ரவுடியின் நான்கு அடியாட்கள், சாவு வீட்டு ஒப்பாரி. அதற்கெல்லாம் 'லோக்கலா பேசுற ஆளு இருந்தா கூப்பிடுப்பா' என்பார்கள். மெட்ராஸ் பாஷையைப் பல்லாண்டுகளாக நகைச்சுவைக்கும் அடியாளுக்கும் ஒதுக்கி வைத்த திரை, அதையே டப்பிங் அறையிலும் செய்கிறது. 'மெட்ராஸ்', 'சார்பட்டா பரம்பரை' போன்ற படங்களில் பா. ரஞ்சித் அந்தப் பேச்சை நாயகனின் வாயில் வைத்த பிறகுதான் அது காதலும் பேசும், அரசியலும் பேசும் என்று பலருக்குத் தெரிந்தது. ஆனால் வங்கி விளம்பரத்துக்கும் பள்ளிக்கூட இணையப் பாடத்துக்கும் அந்தக் குரல் இன்னும் ஆகாது. நம்பிக்கை தருகிற குரல் வேண்டுமாம். யார் பேசினால் யாருக்கு நம்பிக்கை வருகிறது?

இங்கே ஒரு மறுப்பு வரும். 'குரலுக்கு முகம் கிடையாது, மைக்குக்குச் சாதி தெரியாது, இந்தத் துறையிலாவது சாதியைக் கொண்டுவராதீர்கள்' என்பார்கள். மைக்குக்குச் சாதி தெரியாது என்பது உண்மைதான். மைக் இருக்கிற அறைக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிற ஆளுக்குத் தெரியும். வேலை எப்படி வருகிறது என்று பாருங்கள். பட வேலைக்கு டப்பிங் கோ-ஆர்டினேட்டர் ஆள் பிடிக்கிறார். விளம்பர வேலைக்கு ஏஜென்சிக்காரர் தனக்குத் தெரிந்த நான்கு குரலின் சாம்பிளை அனுப்புகிறார். வாட்ஸ்அப் குழுவில் 'அர்ஜென்ட், பெண் குரல், 25 வயது, இன்று மாலை' என்று போட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் குழுவில் உங்களைச் சேர்த்துவிட்டது யார்? சேர்ந்து படித்த பள்ளி, ஒரே சபாவில் நாடகம், அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்த சவுண்டு இன்ஜினியர். இதற்குத்தான் நெட்வொர்க்கிங் என்று பெயர். இந்த நாட்டின் மிகப் பழைய நெட்வொர்க் சாதி. அதில் பிறந்தவர்களுக்குப் பட்டறை தேவையில்லை. பிறக்காதவர்களுக்கு இரண்டு நாள் பட்டறையில் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள்.

அடுத்தது வீடு. 2020 கொரோனா முடக்கத்துக்குப் பிறகு வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பும் வழக்கம் நன்றாக வேரூன்றிவிட்டது. 'ஒரு மைக், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், சத்தம் வராத ஓர் அறை, அவ்வளவுதான்' என்று எளிதாகச் சொல்கிறார்கள். மைக்கைத் தவணையில் வாங்கிவிடலாம். சத்தம் வராத அறையை எங்கே வாங்குவது? நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கி எறியப்பட்டுக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட நம் மக்களுக்குக் கிடைத்தது ஒற்றைச் சுவர் பங்குபோடுகிற சின்ன வீடு. மேல்மாடியில் குழாயடிச் சண்டை, பக்கத்தில் குழந்தை அழுகை, கீழே ஆட்டோ. நகருக்குள் வாடகைக்குப் போகலாம் என்றால் 'வெஜிடேரியன் மட்டும்' என்கிற பலகை. அமைதிக்கும் இந்த ஊரில் சாதி உண்டு என்பதை எந்தப் பட்டறையாவது பாடத்தில் வைத்திருக்கிறதா? நடு இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் தலையை விட்டுப் பதிவு செய்து அனுப்புகிற நம் பிள்ளைக்கு 'ரூம் நாய்ஸ் இருக்கிறது' என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது.

இதைத் தாண்டி வந்தால் சங்க அட்டை. டப்பிங் கலைஞர்களுக்குச் சங்கம் இருப்பதை நாம் ஆதரிக்கிறோம். சங்கம் இல்லாவிட்டால் இந்தக் கூலியும் இருக்காது. ஆனால் 2018இல் நடந்ததை மறக்க வேண்டாம். சின்மயி பெயர் பெற்ற பாடகி. அந்த ஆண்டு வந்த '96' படத்தில் த்ரிஷாவுக்குக் குரல் கொடுத்தவர். மீ டூ குற்றச்சாட்டுகளைப் பேசிய கையோடு, சந்தா பாக்கி என்று காரணம் காட்டி அவரைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். அவரோடு பல விஷயங்களில் நமக்கு மாறுபாடு உண்டு. இருந்தாலும் அவருக்கு நடந்தது அநீதி. அவருக்குப் புகழ் இருந்தது, ஊடகம் இருந்தது, நீதிமன்றம் போக வழி இருந்தது. அவரையே ஓர் அட்டையை வைத்து வெளியே நிறுத்த முடியும் என்றால், கும்பல் குரல் கொடுக்கிற ஒரு சேரிப் பெண்ணை வெளியே நிறுத்த ஒரு போன் கூடத் தேவைப்படாது.

இப்போது ஏ.ஐ. குரல் வந்திருக்கிறது. 2024இல் 'லால் சலாம்' படப் பாடலுக்கு மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் சொன்னார். பெயர் பெற்ற குரலுக்கு அனுமதி கேட்க ஆள் இருக்கிறது. பெயரில்லாத குரலுக்கு யார் கேட்பார்கள்? முதலில் இயந்திரத்திடம் போகப்போவது கும்பல் குரலும், பேருந்து அறிவிப்பும், மலிவு விளம்பரமும்தான். அதாவது நமக்கு விட்டுவைத்த ஓரத்து வேலைகள். 'மாதிரிக்கு ஆயிரம் வாக்கியம் படித்து அனுப்புங்கள்' என்று கேட்டு, ஒரு தடவை சொற்பப் பணம் கொடுத்துவிட்டு, அந்தக் குரலைக் காலத்துக்கும் பயன்படுத்த எழுதி வாங்குகிற தாளில் நம் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

புலம்பி முடிக்க இதை எழுதவில்லை. நம் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியது சில உண்டு.

பொதுத் தமிழைக் கற்றுக்கொள்ளுங்கள். அது வேலைக்குப் போட்டுக்கொள்கிற சட்டை. உங்கள் தெருத் தமிழைத் திருத்த வேண்டிய பிழையாக நினைக்காதீர்கள். அதில் ஒரு சாம்பிளும் இதில் ஒரு சாம்பிளும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். கேட்பவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. தினமும் செய்தித்தாளை வாய்விட்டுப் படியுங்கள். பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். குரல் எங்கே, எத்தனை காலம் பயன்படும், ஏ.ஐ. பயிற்சிக்குப் போகுமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூலி எவ்வளவு வாங்கினீர்கள் என்று ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லுங்கள். மறைப்பதால் லாபம் அடைவது முதலாளி மட்டுமே. ஒருவர் உள்ளே போனால் இன்னும் இருவரின் எண்ணைக் கோ-ஆர்டினேட்டரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதை நாம் செய்ய வெட்கப்பட வேண்டியதில்லை.

அரசுக்கு நம் கோரிக்கை தெளிவானது. தாட்கோ பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி நடத்துகிறது. அதில் குரல் நடிப்பையும் டப்பிங்கையும் சேர்க்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாவட்டத்துக்கு ஒன்றிலாவது ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை கட்ட வேண்டும். அரசின் அறிவிப்புகள், விழிப்புணர்வு விளம்பரங்கள், பாடக் காணொளிகள் எல்லாவற்றுக்கும் மக்கள் வரிப்பணத்தில்தான் குரல் வாங்கப்படுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி. அந்தக் குரல்களில் ஐந்தில் ஒன்று நம்முடையதா என்று அரசு கணக்குக் காட்டட்டும். சங்கங்கள் உறுப்பினர் கட்டணத்தைத் தவணையில் கட்ட வழி செய்யட்டும், சேர்க்கை விதிகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். நீலம் பண்பாட்டு மையம் போல நம்மவர்கள் கட்டியெழுப்பிய இடங்கள் குரல் பயிற்சிக்கும் ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்பது நம் உரிமையான வேண்டுகோள்.

1920 ஜனவரியில் அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய முதல் பத்திரிகையின் பெயர் 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன். நூறாண்டு கடந்துவிட்டது. நாம் ஊமைகள் இல்லை, ஒருநாளும் ஊமைகளாக இருந்ததும் இல்லை. ஊருக்கெல்லாம் சேதி சொன்னவர்கள் நாம். அடுத்த முறை ஒரு குப்பை வண்டி உங்கள் தெருவில் அறிவிப்பை ஒலித்துக்கொண்டு போகும்போது, வண்டியைத் தள்ளுகிற கை யாருடையது, அதில் பேசுகிற குரல் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஜெய்பீம்.