சாரணச் சிறுவனும் எழுதிக்கொடுத்த உரையும்

சிறுவர்களை மேடைக்குத் தெரிவு செய்யும்போது நம்மவர்கள் எதனைத் தேடுகின்றார்கள் என்ற கேள்வி நெடுங்காலமாகவே என் மனதில் இருந்து வருகின்றது. பேச்சுப் போட்டியாயினும் சரி, பாடசாலை விழாவின் வரவேற்புரையாயினும் சரி, சாரணர் பாசறையின் நிறைவுநாள் உரையாயினும் சரி, தெரிவு நடைபெறும் முறை ஒன்றுதான். கணீரென்ற குரல் வேண்டும். தடங்கலின்றி ஒப்புவிக்க வேண்டும். கையை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்த வேண்டும். பிள்ளை என்ன சொன்னான், அது அவனுடைய சொந்தச் சொல்தானா என்பவற்றுக்குப் புள்ளித்தாளில் இடமே இருப்பதில்லை. ஏனைய இடங்களில் இதனை ஒருவாறு சகித்துக்கொள்ளலாம். சாரணியத்தில் இது நிகழ்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனெனில் சாரணியம் பேச்சிலிருந்து பிறந்த இயக்கம். 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது சிறுவர்களளவில் கூட்டிச் சென்று முதலாவது பரீட்சார்த்தப் பாசறையை நடத்தினார். வசதிபடைத்தோரின் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். இரவில் தீயைச் சுற்றி அமர்ந்து கதை கேட்டார்கள். மறு ஆண்டில் அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட நூலின் அத்தியாயங்களுக்குக்கூட அவர் இட்ட பெயர் பாசறைத் தீக் கதைகள் என்பதே. மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாத இடத்தில், பக்கத்தில் இருப்பவனுக்கு விளங்கும்படி, தான் கண்டதைச் சொல்வது. சாரணனுக்குரிய பேச்சுக்கலை அவ்வளவுதான்.

1909 செப்டெம்பரில் லண்டன் கிறிஸ்டல் பலஸில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட சாரணச் சிறுவர்கள் திரண்டிருந்தபோது, அழைப்பின்றி வந்து நின்ற சில சிறுமியரைப் பார்த்து நீங்கள் யார் என்று பேடன் பவல் வினவினார். தாங்கள் பெண் சாரணர் என்று அவர்கள் பதிலளித்தார்கள். அடுத்த ஆண்டிலேயே பெண்களுக்கென்று தனியியக்கம் தோன்றியது. ஒரு வசனப் பேச்சு! அதனை யாரும் அவர்களுக்கு எழுதிக்கொடுத்திருக்கவில்லை.

இலங்கைக்கு சாரணியம் 1912 இல் மாத்தளை வழியாக வந்தது. நூறாண்டு கடந்த பின்னரும் முடிச்சுப் போடுவதையும் கூடாரம் அமைப்பதையும் நம் பிள்ளைகள் நன்றாகவே கற்கின்றார்கள். பேசுவதற்கு மட்டும் அவர்களை நாம் விடுவதில்லை.

2017 இல் வடபகுதியில் நடைபெற்ற ஒரு பாசறையில் எனக்கு நேர்ந்த அனுபவத்தைக் கூற வேண்டும். நிறைவுநாளில் சாரணர் சார்பில் நன்றியுரை ஆற்றுவதற்கு ஒருவரைத் தெரிவு செய்யும் மூவர் குழுவில், பத்திரிகைக்காரன் என்ற காரணத்தால் என்னையும் அமர்த்தியிருந்தார்கள். ஒன்பது சிறுவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம்.

முதலில் வந்தவன் வெளுத்து வாங்கினான். குரல் இடிபோல் இருந்தது. பெற்றோரைக் கடலுக்கும் ஆசிரியரைக் கலங்கரை விளக்கத்துக்கும் ஒப்பிட்டான். ஐந்தாவதாக வந்த வேறொரு சிறுவனும் அதே கடலையும் அதே கலங்கரை விளக்கத்தையும் கொண்டுவந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவருக்கும் எழுதிக்கொடுத்த கை ஒன்றாக இருக்க வேண்டும். முதலாமவனிடம், "இந்தப் பாசறையில் உமக்கு எது பிடித்தது தம்பி?" என்று கேட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. வாசலில் நின்றிருந்த தன் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏழாவதாக வந்தவன் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவன். கையில் தாள் இல்லை. சீருடையின் கழுத்துப்பட்டி சற்றுக் கோணியிருந்தது.

"சேர், முதல்நாள் ராத்திரி மழை. நாங்கள் கான் வெட்டாமல் கூடாரம் அடிச்சிட்டம். பாய் எல்லாம் நனைஞ்சு போச்சு" என்று தொடங்கினான். பக்கத்துக் கூடாரத்துச் சிங்களப் பிள்ளைகள் தறப்பாள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததையும், அவர்களுடைய மொழி தனக்குத் தெரியாததால் மறுநாள் காலை தங்களுடைய விறகில் பாதியைக் கொண்டுபோய் அவர்களுடைய அடுப்பருகே வைத்துவிட்டு வந்ததையும் சொன்னான். இரண்டு இடங்களில் திக்கினான். "அவையளுக்கு இன்னும் நன்றி சொல்லேல்ல சேர். அதைத்தான் சொல்ல வேணும்" என்று முடித்தான். மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது.

நன்றியுரைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம்; நன்றி சொல்ல வேண்டியவனே எதிரில் வந்து நின்றான். ஆயினும் வாக்கு இரண்டுக்கு ஒன்று. "பெரிய ஆக்கள் வருகினம் தம்பி, சபைக்கேற்ற தமிழ் வேண்டாமோ? இவனுக்கு ழகரமும் வரவில்லை" என்று குழுவிலிருந்த மூத்தவர் எனக்கு எடுத்துரைத்தார். ழகரம் வராதது உண்மைதான். எங்கள் பேச்சுத் தமிழில் எத்தனை பேருக்கு வருகின்றது என்று நான் கேட்டேன். பதில் கிடைக்கவில்லை. கடலும் கலங்கரை விளக்கமும் மேடையேறின. பெரிய கரகோஷம் எழுந்தது. தறப்பாள் கொண்டுவந்த பிள்ளைகள் மைதானத்தின் பின்வரிசையில் இருந்து தாங்களும் கைதட்டினார்கள்.

இந்த நோய் எங்கிருந்து வந்தது? மரபிலிருந்து வந்ததாகச் சிலர் கூறுவர். நான் ஒப்பமாட்டேன். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. புராணம் படித்துப் பயன் சொல்வதையே கேட்டுப் பழகிய சபைக்கு, கிறிஸ்தவ போதகர்களின் பிரசங்க முறையைக் கைக்கொண்டு வசனத்தில் நேராகப் பேசியது அவர் செய்த புதுமை. அவர் வழியிலேயே நாம் நின்றிருந்தால் இப்பிரச்சினை வந்திராது. பின்னர் தமிழகத்திலிருந்து திராவிட இயக்கத்தின் அடுக்குமொழி பத்திரிகையாகவும் திரைப்படமாகவும் வந்து சேர்ந்தது. 1952 இல் வெளியான 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனத்தை மனப்பாடம் செய்த தலைமுறையே பின்னாளில் நமக்கு ஆசிரியர்களாக வாய்த்தது. அண்ணாதுரை போன்றோருக்குச் சொல்வதற்கு விடயமும் இருந்தது. நமக்கு எஞ்சியது அடுக்கு மாத்திரம்.

செய்தியாளனாகக் கூட்டங்களில் குறிப்பெடுத்துக் கை ஓய்ந்தவன் என்ற வகையில் ஒன்று சொல்வேன். முக்கால் மணிநேரம் முழங்கியவரின் உரையிலிருந்து நான்கு வரிச் செய்தி தேற்றுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்படிப் பேசியவர்களும் ஒரு காலத்தில் முதற்பரிசு பெற்ற சிறுவர்களே.

மனனம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. தேவாரத்தை மனனம் செய்த பிள்ளைக்கு உச்சரிப்புத் தெளியும், மூச்சு அடங்கும். குரல் பயிற்சியும் அவசியமே. பின்வரிசைக்குக் கேட்காத பேச்சினால் யாருக்கு என்ன பயன்? ஆனால் குரலையும் உச்சரிப்பையும் இரண்டு வாரத்தில் திருத்திவிடலாம். வாசலைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைத் திருத்துவதற்கு எத்தனை ஆண்டுகள் செல்லும்?

ஆசிரியர்கள் மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமன்று. பாடசாலையின் பெயர், அதிபரின் எதிர்பார்ப்பு, பெற்றோரின் ஆசை எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. எனவே தெரிவு முறையையே மாற்றுங்கள் என்று சாரணப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். தலைப்பை முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். பாசறையில் கண்டது, செய்தது, பிழைத்தது ஆகியவற்றில் ஒன்றை அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்; புள்ளியில் பாதியை அந்தப் பதில்களுக்கு ஒதுக்குங்கள். நடுவர்களுள் ஒருவராக அவனுடைய வயதுச் சாரணன் ஒருவனையும் அமர்த்துங்கள். திக்கினால் புள்ளி குறைக்காதீர்கள். சாத்தியமானால் தெரிவை மண்டபத்தில் நடத்தாமல், இரவில் பாசறைத் தீயைச் சுற்றி நடத்துங்கள். ஆசிரியர்களுக்கு அவ்வேளையில் குசினிக் கூடாரத்தில் தேநீர் கொடுத்து உட்கார வைத்துவிடலாம்.