நாற்காலி வாடகை

பேனாவை நம்பிப் பிழைப்பது என்ற விபரீத முடிவுக்கு வருவதற்கு முன், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2016-ல் பாக்கிங் மெஷின் வாங்கும் விஷயமாக எங்கள் நாலு பேரை இத்தாலியில் பொலோனாவுக்கு அனுப்பினார்கள். பெயர்கள் வேண்டாம், டிபார்ட்மென்ட் போதும். பர்ச்சேஸ், மெயின்டனன்ஸ், அடுத்த மார்ச்சில் ரிடையராகப் போகும் ஸ்டோர்ஸ் சார், பணம் கட்டுகிற ஹோதாவில் அடியேன்.

சனிக்கிழமை லீவு. ஃப்ளாரன்ஸ் பார்க்கக் கிளம்பினோம். தலைக்கு நூறு யூரோ போட்டுப் பொதுப் பணம் சேர்த்தாயிற்று. பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்கு நோட்டு என் கையில்.

முதலில் கதீட்ரல். அதன் பிரம்மாண்டமான கூம்பு மாடம் 1420-ல் ஆரம்பித்து 1436-ல் முடிந்தது. கட்டியவர் புருனெலெஸ்கி. பொற்கொல்லராகத் தொழில் பழகியவர். தரையிலிருந்து மரச்சாரம் முட்டுக் கொடுக்காமலே நாற்பது லட்சம் செங்கல்களை அடுக்கிவிட்டார் மனிதர். உச்சிக்குப் போக 463 படிகள். லிஃப்ட் கிடையாது.

ஸ்டோர்ஸ் சார் ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். "நீங்க போயிட்டு வாங்க தம்பி. நான் பைகளைப் பார்த்துக்கறேன்."

நாங்கள் ஏறி, மூச்சு வாங்கி, செல்ஃபி எடுத்து இறங்கினால், சார் எதிரே ஒரு ஓட்டல் நாற்காலியில் ஜம்மென்று காபியோடு உட்கார்ந்திருக்கிறார். பில் ஐந்து யூரோ!

விலைப் பலகையில் இரண்டு காலம். 'பாங்கோ' ஒன்று, 'தாவொலோ' ஐந்து. டெபிட், கிரெடிட் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. பாங்கோ என்றால் கவுன்டர், நின்றுகொண்டே குடிப்பவனுக்கு. தாவொலோ என்றால் மேஜை, உட்கார்ந்து குடிப்பவனுக்கு. அந்தக் காலத்தில் நாணயம் மாற்றுகிறவர்கள் போட்டு உட்கார்ந்த பெஞ்சுக்கும் பாங்கோ என்றுதான் பெயர். அதுதான் 'பேங்க்' ஆனது. 1397-ல் மெடிச்சி குடும்பம் பேங்க் ஆரம்பித்துக் கொழித்த ஊர். சும்மா உட்கார விடுவார்களா?

"நாலு யூரோ தண்டம் சார்! முந்நூறு ரூபா!" என்றார் பர்ச்சேஸ். நானும் அவர் கண்ணெதிரிலேயே நோட்டில் 'தண்டச் செலவு 4' என்று எழுதினேன். சார் சிரித்து மழுப்பினார்.

அப்புறம் மைக்கேலாஞ்சலோவின் டேவிட். ஒரிஜினல் மியூசியத்தில். சதுக்கத்தில் நிற்பது 1910-ல் வைத்த நகல். "ஓசியில நிக்கறதையே பார்ப்போம், அதே பதினேழு அடிதானே!" என்றார் பர்ச்சேஸ். பழைய பாலத்தில் வரிசையாக நகைக் கடைகள். கசாப்புக் கடைக்காரர்களை 1593-ல் விரட்டிவிட்டுப் பொற்கொல்லர்களைக் குடியேற்றிய இடம். பர்ச்சேஸ் ஒரு மோதிர விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு ஆற்றை ரசிக்க ஆரம்பித்தார்.

கடைசியாக சாந்தா க்ரோச்சே சர்ச். மைக்கேலாஞ்சலோ, கலிலியோ இருவரும் அங்கேதான் உறங்குகிறார்கள். தாந்தேக்கும் பெரிய சமாதி இருக்கிறது, ஆள் ரவென்னாவில்! செலவு உண்டு, வவுச்சர் இல்லை.

ஸ்டோர்ஸ் சார் உள்ளே வரவில்லை. பைகளோடு வெளியே சுவரில் சாய்ந்து நின்றார். காலையிலிருந்து அந்த ஒரு காபிக்குப் பிறகு அவர் எங்கேயுமே உட்காரவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ராத்திரி ரயிலில் கணக்குப் பார்த்தேன். நாலு யூரோ அதிகம். மூன்று தரம் கூட்டினேன். அதே நாலு அதிகம். குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் தப்பு என்றுதான் பி.காமில் சொல்லிக்கொடுத்தார்கள். பை நாள் முழுக்க யார் தோளில் இருந்தது என்று யோசித்தபடி நிமிர்ந்தேன்.

எதிர் சீட்டில் சார் தூங்கிக்கொண்டிருந்தார். ஷூவைக் கழற்றி, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். வலது முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

'தண்டச் செலவு' வரியைப் பேனாவால் அடித்தேன்.

மறுநாள் பொலோனாவில் அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு காபிக் கடை மேஜையில் உட்காரவைத்தேன்.

"எதுக்குத் தம்பி, நின்னே குடிச்சுடலாமே..."

"உட்காருங்க சார். கணக்கு டேலி ஆகணும்."